பின்தங்கும் மாணவரும் பள்ளியின் பொறுப்பும்: நாஞ்சில் நாட்டுக் கல்வி வரலாற்றில் துணைநிற்கும் முறைகள்

ஆய்வுச் சுருக்கம்

படிப்பில் பின்தங்கும் மாணவர்க்கும் நடத்தையில் தடுமாறும் மாணவர்க்கும் பள்ளி எவ்வாறு துணைநின்றது என்னும் வினாவைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் இருநூறாண்டுக் கல்வி வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை, மறைப்பணியாளர் நடத்திய உறைவிடப் பள்ளிகள், திருவிதாங்கூர் அரசின் கல்வி ஏற்பாடு, 1956இல் தமிழ்நாட்டுடன் இணைந்தபின் வந்த மாற்றங்கள், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திற்குப் பின் உருவான குழுக்கள் ஆகியன முறையே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 'தோல்வியுற்ற மாணவர்' என்னும் கருத்து வகுப்பும் ஆண்டுத் தேர்வும் வந்தபின் வலுப்பெற்றது என்பதும், பின்தங்கலுக்கான பொறுப்பு மாணவரிடமிருந்து பள்ளிக்கு மெல்ல மெல்ல இடம் மாறியது என்பதும், அம்மாற்றம் இன்னும் முழுமை பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, திண்ணைப் பள்ளி, சட்டாம்பிள்ளை, மெல்லக் கற்போர், பள்ளி மேலாண்மைக் குழு, எண்ணும் எழுத்தும்.

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டின் சராசரி 80.09 விழுக்காடு. மாநிலத்தின் மாவட்டங்களுள் முதலிடம் பெற்ற இம்மாவட்டத்தின் கல்விச் சிறப்பைப் பேசும் நூல்களும் கட்டுரைகளும் பல. தொன்மையான பள்ளிகள், புகழ்பெற்ற ஆசிரியர்கள், உயர்பதவி எய்திய மாணவர்கள் ஆகியோரைப் பற்றியே அவை பெரிதும் பேசுகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளை, கணக்குப் பாடத்தில் ஆண்டுதோறும் தேராமல் நின்ற பிள்ளை, வகுப்பில் முரண்டு பிடித்து வெளியேற்றப்பட்ட பிள்ளை ஆகியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஒரு பள்ளியின் இயல்பை அறிய, முதல் மதிப்பெண் பெற்றவரை அது எவ்வாறு பாராட்டியது என்பதைவிடக் கடைசி வரிசையில் இருந்தவரை எவ்வாறு நடத்தியது என்பதே சிறந்த அளவுகோல். அவ்வளவுகோலைக் கொண்டு இம்மாவட்டக் கல்வி வரலாற்றை நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

இந்நோக்கில் மூன்று வினாக்கள் முதன்மை பெறுகின்றன. பள்ளிக்குள் நுழைய எவர்க்கு இடமிருந்தது? பின்தங்கல் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது? பின்தங்கிய பிள்ளைக்கு எவர் பொறுப்பேற்றார்?

2. திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை நாஞ்சில் நாட்டிலும் பிற தமிழ்ப் பகுதிகளைப் போலவே ஆசானின் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ கல்வி நடந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் உயர்ந்தது. ஒரே இடத்தில் பல வயதினரும் பல நிலையினரும் அமர்ந்தனர். எல்லாரையும் ஆசான் ஒருவரே நேரில் கவனிக்க இயலாது. ஆகவே முன்னேறிய மாணவர் ஒருவர் சட்டாம்பிள்ளையாக அமர்ந்து இளையவர்க்குப் பாடம் ஒப்பித்துக் காட்டுவதும், முறை சொல்லிக்கொடுப்பதும், ஒழுங்கைக் காப்பதும் வழக்கமாயின.

இவ்வமைப்பில் 'வகுப்பு' இல்லை. ஆண்டிறுதித் தேர்வும் இல்லை. ஆகவே 'தேராதவன்' என்னும் பிரிவுக்கும் அங்கு இடமில்லை. மணலில் எழுத்து வசப்படும்வரை பிள்ளை மணலிலேயே இருந்தது. வசப்பட்டபின் ஓலைக்குச் சென்றது. ஒருவர் வேகம் மற்றொருவரின் வேகத்தோடு கட்டாயமாக ஒப்பிடப்படவில்லை. பின்தங்கியவர்க்கு முதல் துணை சக மாணவரே.

இம்முறையின் சிறப்பு கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியில் அதனைப் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்து 1797இல் இலண்டனில் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்ற அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அங்கு தண்டனை கடுமையானது. பிரம்படியும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் கற்பித்தலின் பகுதியாகவே கருதப்பட்டன. சட்டாம்பிள்ளை துணைவனாக இருந்தது போலவே ஒற்றனாகவும் தண்டிப்பவனாகவும் இருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடமில்லை. உள்ளே வந்தவர்க்கு நெகிழ்ச்சி இருந்தது. வெளியே நின்றவர்க்கு எதுவுமே இல்லை.

3. மறைப்பணியாளர் பள்ளிகள்: நுழைவும் நிலைத்திருத்தலும்

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அவர் தொடங்கிய பணியைத் தொடர்ந்த சார்லஸ் மீட், நாகர்கோவிலை மையமாகக் கொண்டு 1819இல் செமினரியைத் தோற்றுவித்தார். அதன் வழித்தோன்றலே பின்னாளில் ஸ்காட் கிறித்தவப் பள்ளியாகவும் 1893இல் கல்லூரியாகவும் வளர்ந்தது. செமினரியின் செலவுக்கு நிலையான வருவாய் வேண்டி நெல்வயல்கள் வாங்க ராணி கௌரி பார்வதி பாய் பொருளுதவி செய்தார். நாஞ்சில் நாட்டு வயலின் விளைச்சல் ஒரு பள்ளியைத் தாங்கியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியும் அதே காலத்தில் நாகர்கோவிலில் உருவாயிற்று. மார்த்தா மால்ட் அங்கு லேஸ் பின்னலைக் கற்பித்தார். அப்பின்னலால் கிடைத்த வருவாய் பிள்ளைகளின் படிப்பைத் தாங்கியது. வறுமையால் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையிடம் 'ஒழுங்காக வா' என்று கூறுவது பயனற்றது. வருவதற்கான வழியை அமைத்துக் கொடுப்பதே பயன் தரும் என்னும் தெளிவு இவ்வேற்பாட்டில் உள்ளது. உணவு, உறைவிடம், சிறுவருவாய் ஆகியன பாடத்திற்கு வெளியே நிற்பன அல்ல, பாடத்தின் முன்தேவைகள் என்பதை இப்பள்ளிகள் செயலில் காட்டின.

அக்காலத்தில் பள்ளிக்கு வருதலே பலர்க்கு ஆபத்தான செயலாக இருந்தது. 1822 முதல் 1859 வரை பல கட்டங்களாக நிகழ்ந்த தோள்சீலைக் கலவரங்களில் பள்ளிக் கட்டடங்களும் தீக்கிரையாயின. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். இச்சூழலில் பள்ளியில் அமர்ந்த பிள்ளையின் அச்சமும், வருகையில் நேர்ந்த இடைவெளியும், பாடத்தில் ஏற்பட்ட தேக்கமும் அப்பிள்ளையின் அறிவுக்குறையால் விளைந்தன அல்ல. சமூகம் விதித்த தடையே பாடத்தில் தடுமாற்றமாக வெளிப்பட்டது. பின்தங்கலின் காரணத்தைப் பிள்ளைக்கு வெளியேயும் தேட வேண்டும் என்னும் இன்றைய கல்வியியல் நெறிக்கு இதனினும் தெளிவான வரலாற்றுச் சான்று வேண்டுவதில்லை.

4. திருவிதாங்கூர் அரசும் தேர்வு என்னும் அளவுகோலும்

கொல்லம் ஆண்டு 992இல், அதாவது 1817இல், ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை மக்களின் கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை அறிவித்தது. கல்வி அரசின் கடமை என்று இந்திய அரசுகளுள் மிக முற்பட்டு உரைத்த ஆவணங்களுள் இது ஒன்று. ஆயினும் அக்கொள்கை எல்லாரையும் எட்ட நெடுங்காலம் ஆயிற்று. பின்தங்கிய சமூகத்தாரின் ஆரம்பக் கல்விச் செலவு முழுவதையும் அரசு ஏற்றது 1904இல். புலையர் முதலான சமூகப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் ஆணை 1907இல் பிறந்தபின்னும், அதனை நடைமுறையாக்க அய்யன்காளி தலைமையில் போராட்டம் தேவைப்பட்டது. 1914இல் ஊரூட்டம்பலத்தில் ஒரு சிறுமியைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது எழுந்த கலவரம், ஆணைக்கும் வகுப்பறைக்கும் இடையே இருந்த தொலைவைக் காட்டுகிறது.

அரசுக் கல்வி விரிந்தபோது வகுப்புகள், பாடத்திட்டம், ஆய்வாளர், ஆண்டுத் தேர்வு என்னும் அமைப்பும் உடன் வந்தது. அண்டையிலிருந்த சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவை ஒட்டிப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலவியது. இத்தகைய ஏற்பாட்டில் மெல்லக் கற்கும் பிள்ளை பள்ளிக்கு இழப்பாகவே தோன்றும். ஒரே வயதினர் ஒரே காலத்தில் ஒரே பாடத்தை முடிக்க வேண்டும் என்னும் நியதி வந்தபின்னரே 'தேர்ச்சி', 'தோல்வி' என்னும் சொற்கள் பிள்ளையின் அடையாளமாயின. திண்ணையில் மணலிலேயே நெடுநாள் இருந்த பிள்ளை, புதிய பள்ளியில் அதே வகுப்பில் மீண்டும் அமர்த்தப்பட்ட பிள்ளையாயிற்று. முன்னது கற்றலின் ஒரு படி, பின்னது தண்டனை.

இதன் விளைவு நாடு தழுவியது. 1929இல் அறிக்கை அளித்த ஹார்டாக் குழு, பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு நூறு சிறுவரிலும் 1925-26இல் நான்காம் வகுப்பை எட்டியவர் 18 பேரே என்று காட்டியது. 'விரயம்', 'தேக்கம்' என்னும் இரு சொற்கள் அப்போதுதான் இந்தியக் கல்வி உரையாடலில் நிலைபெற்றன. பிள்ளை படிப்பை விட்டு நின்றால் அரசுப் பணம் வீண் என்பதே அச்சொற்களின் உட்பொருள். பிள்ளைக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு என்னும் வினா அங்குப் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இக்காலத்திலேயே ஆசிரியப் பணியில் வேறொரு போக்கும் தோன்றியது. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கோட்டாற்றுப் பள்ளியிலும், பின்னர் நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், திருவனந்தபுரத்திலும் பணியாற்றினார். அவர் குழந்தைகளுக்கென எழுதிய பாடல்கள் எளிய சொல்லும் தெளிந்த ஓசையும் உடையவை. பாடத்தைப் பிள்ளையின் செவிக்கும் நாவுக்கும் இசைய அமைத்தால் தடுமாற்றம் குறையும் என்பதை உணர்ந்த ஆசிரியரின் படைப்புகளாக அவற்றைக் கருதலாம். பிள்ளையை மாற்றுவதற்கு முன் பாடத்தை மாற்றிப் பார்ப்பது, துணைநிற்கும் முறைகளுள் தலையாயது.

5. மொழி என்னும் தடை

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டுடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இவ்விணைப்புக்கான போராட்டத்தில் தாய்மொழியில் கல்வியும் நிருவாகமும் வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வாழும் பிள்ளையின் தயக்கம், அறிவின் தயக்கமாகப் பிழைபட உணரப்படுவது எளிது.

இணைப்புக்குப் பின் இதே சிக்கல் மறுதலையாகவும் தோன்றியது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் மலையாள வழியில் கற்றுவந்தனர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாகப் படிப்படியே கொணர்ந்தது. அச்சட்டத்தின் கீழ்ப் பயின்ற முதல் அணி 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எதிர்கொண்டபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்க்கு விலக்கு வேண்டி நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. இரண்டு காலகட்டங்களிலும் படிப்பினை ஒன்றே. மொழியால் வரும் தடையை மொழிப்பயிற்சியால் நீக்க வேண்டும், மதிப்பெண்ணால் தண்டிக்கலாகாது.

6. உணவு முதல் உரிமை வரை

காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊராரைப் பள்ளியின் பொறுப்பாளராக்கின. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிந்தது. பசித்த பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பது வீண் என்னும் பழைய உறைவிடப் பள்ளிகளின் தெளிவு, இப்போது அரசின் கொள்கையாயிற்று.

வகுப்பறைக்குள்ளான மாற்றம் அதன்பின் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளில் பரவியது. அட்டைகளும் ஏணிப்படியும் கொண்ட அம்முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறியது. திண்ணையின் மணலும் ஓலையும் வேறு வடிவில் மீண்டன எனலாம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பொறுப்பின் இடத்தையே மாற்றியது. எட்டாம் வகுப்புவரை தேக்கிவைத்தலை அது தடைசெய்தது. உடல் தண்டனையையும் மனத்துன்பம் விளைத்தலையும் விலக்கியது. பிள்ளையின் கற்றல் நிலையை மதிப்பிட்டுத் தேவைப்படின் கூடுதல் பயிற்சி அளிப்பதை ஆசிரியரின் சட்டக் கடமையாக்கியது. உறுப்பினருள் முக்காற்பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவைப் பணித்தது. தேக்கிவைத்தல் குறித்த பிரிவு 2019இல் நாடாளுமன்றத்தால் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 'தோல்வி' என்னும் பழைய அளவுகோல் எவ்வளவு எளிதாக மீளக்கூடும் என்பதற்கு இது சான்று.

கொரோனாப் பேரிடர்க்குப் பின் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கமும் தொடங்கின. பின்னது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பகுத்தது. 'மக்கு' என்றும் 'தேறாதவன்' என்றும் வழங்கிய சொற்கள் 'மெல்லக் கற்போர்' என்று மாறி, இன்று மலர்ச்சியின் படிநிலைகளாகியுள்ளன. அரும்பு மலராகும் என்னும் நம்பிக்கை அச்சொல்லிலேயே உள்ளது. அந்நம்பிக்கைக்கு உரிய பயிற்சி கிடைக்காவிடின் 'அரும்பு' என்பதும் நாளடைவில் வசைச்சொல்லாகும்.

7. குழுவாகத் துணைநிற்றல்

பின்தங்கும் பிள்ளையை வகுப்பாசிரியர் ஒருவரே தனியே சுமக்க இயலாது என்னும் கருத்து உலகெங்கும் வலுப்பெற்றுள்ளது. அமெரிக்காவில் சால்பன்ட் முதலிய ஆய்வாளர் மூவர் 1979இல் முன்வைத்த ஆசிரியர் துணைக்குழு முறை இதன் முன்னோடிகளுள் ஒன்று. ஒரு மாணவரைப் பற்றிய சிக்கலை அப்பள்ளியின் ஆசிரியர் சிலரே கூடிப் பேசி, வழி வகுத்து, சில கிழமைகளில் மீண்டும் கூடிப் பயனை ஆராய்வர்.

தமிழ்நாட்டில் இத்தகைய குழுவின் உறுப்புகள் ஏற்கெனவே உள்ளன. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்களும் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களும் பணியாற்றுகின்றனர். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022இல் மறுகட்டமைக்கப்பட்டன. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க 2021இல் ஆணை பிறந்தது. தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர், ஆசிரியரல்லாப் பணியாளர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். 'மாணவர் மனசு' பெட்டியும், 14417 என்னும் உதவி எண்ணும் பிள்ளை நேரடியாகப் பேசும் வாயில்கள்.

குறை உறுப்புகளில் இல்லை, இணைப்பில் உள்ளது. கற்றல் நிலையை ஒருவர் பதிகிறார். நடத்தையை வேறொருவர் கண்டிக்கிறார். வீட்டு நிலையை மற்றொருவர் அறிவார். மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றியவை என்பதை உணர்ந்து ஒரே மேசையில் வைக்கும் வழக்கம் அரிது. இம்மாவட்டத்தில் அவ்விணைப்பின் தேவை மிகுதி. ரப்பர்த் தோட்டப் பகுதியில் பெற்றோர் விடியுமுன்னரே பால்வெட்டுக்குச் சென்றுவிட, தானே எழுந்து புறப்பட வேண்டிய பிள்ளை தாமதமாக வருவது ஒழுங்கீனம் ஆகாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும் கடற்கரை ஊர்களில் பல குடும்பங்களைச் சிதைத்தன. கடலில் தந்தையை இழந்த பிள்ளை வகுப்பில் சினந்தெழுவதும், பேசாமல் ஒடுங்குவதும் துயரத்தின் இருவேறு முகங்கள். பேச்சிப்பாறை மலைப்பகுதிக் காணிப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் தொலைவே முதற்பாடம். இவற்றையெல்லாம் வருகைப் பதிவேடு 'வரவில்லை' என்னும் ஒரே சொல்லால் பதிகிறது.

8. முடிவுரை

இருநூறாண்டு வரலாறு நேர்கோட்டு முன்னேற்றம் அன்று. திண்ணைப் பள்ளி பிள்ளையின் வேகத்தை மதித்தது, பெரும்பாலோரைப் புறந்தள்ளியது. உறைவிடப் பள்ளிகள் புறந்தள்ளப்பட்டோரை உள்ளே கொணர்ந்து உணவும் வருவாயும் அளித்தன. அரசுப் பள்ளி அனைவர்க்கும் கதவைத் திறந்தது. தேர்வு என்னும் அளவுகோலால் பலரை மீண்டும் வெளியேற்றியது. சட்டம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்தது. ஆயினும் உடன் அமர்ந்து கற்பிக்கும் துணையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, படிப்பில் பின்தங்கலையும் நடத்தைத் தடுமாற்றத்தையும் தனித்தனியே நோக்காமல், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பெற்றோர் ஆகியோர் குறித்த காலத்தில் கூடி ஒவ்வொரு பிள்ளையையும் பற்றிப் பேசுதல் வேண்டும். இரண்டு, ஓர் ஆசிரியர் அறிந்தது அடுத்த வகுப்பு ஆசிரியரை எட்டுதல் வேண்டும். பிள்ளையின் மறைபொருள் காக்கப்படுதலும் வேண்டும். மூன்று, கூட்டம் நடந்தது என்னும் பதிவைக் கொண்டன்றி, பிள்ளைக்கு நேர்ந்த மாற்றத்தைக் கொண்டே குழுவின் பணி அளக்கப்படுதல் வேண்டும்.

எழுத்தறிவில் முதலிடம் என்னும் பெருமையின் மறுபக்கத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு எட்டுப்பேர் இருந்தனர். எல்லாரும் படிக்கும் ஊரில் படிக்க இயலாத பிள்ளையின் வெட்கம் பெரிது. அவ்வெட்கத்தை மறைக்கும் முயற்சியே பல வேளைகளில் முரட்டுத்தனமாக வெளிப்படுகிறது. அப்பிள்ளையின் அருகே அமர்ந்து, மணலில் எழுத்து வசப்படும்வரை காத்திருந்த பழைய பொறுமையைத் தண்டனையின்றியும் சாதித் தடையின்றியும் மீட்டெடுப்பதே இம்மாவட்டப் பள்ளிகளின்முன் இன்றுள்ள பணி.